118.3-இல் பாட்டு

மார்ச் 3
கட்டுப்பாட்டுக் கோபுரத்துப் பெரியவர் இன்றும் போன் செய்தார். "மேடம், 118.3-ல பாட்டு கேக்குது. பைலட் பேசும்போது மட்டும்." பின்னணி இசையாம்! இது என்ன சினிமாவா? எஃப்.எம். 108 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது. விமானிகள் பேசும் அலைவரிசை 118-இல் தொடங்குகிறது. பாட்டு சுவரேறிக் குதிக்குமா? ஓடுதளம் காலியான நேரம் பார்த்து ரிசீவர் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கப்சிப். 'கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 6
மறுபடி பாட்டு. மறுபடி 'கோளாறு இல்லை'. அவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர் வைத்தேன். ரேடியோ பட்டறையே சிரித்தது.

மார்ச் 11
மூன்றாவது ரிப்போர்ட்டும் கொடுத்தேன். மேலதிகாரி அவரைக் கோபுரத்திலிருந்து இறக்கிக் காது டாக்டரிடம் அனுப்பிவிட்டார். லைசென்ஸ் போனாலும் போகும். இருபத்தாறு வருஷ வேலை. நானா அனுப்பினேன்? கருவி சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான்.

மார்ச் 14
அவர் இடத்துக்கு வந்த பெண் போன் செய்தாள். "அக்கா, பைலட் பேசுறப்ப பின்னாடி யாரோ பாடுறாங்க."

இவளுக்குமா?

ஓடினேன். ரிசீவரில் ஸ்குவெல்ச் என்று ஒரு குமிழ் — பலமான சிக்னல் வரும்வரை ஸ்பீக்கரை மூடியே வைக்கும். விமானி பேசினால் திறக்கும். அவர் பின்னாலேயே பாட்டும் நுழையும். பெரியவர் அதைத்தானே தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னார்! நான் மூன்று முறையும் ஸ்பீக்கரை மூடி வைத்துவிட்டு, சத்தமே இல்லைன்னு எழுதியிருக்கேன். அறிவிருக்கா எனக்கு? குமிழைத் திருப்பினேன். கரகரவென்று காதல் பாட்டு.

மார்ச் 15
கம்பத்தில் ஏறிப் பார்த்தேன். ஆன்டெனா கிளாம்ப் முழுக்கத் துரு. போன மாதம் வந்த எஃப்.எம். நிலையம் 104.9-உம் பழைய நிலையம் 91.5-உம் அந்தத் துருவில்தான் கலந்து புது அலைவரிசை ஒன்றை உண்டாக்குகின்றன. முன்னதை இரட்டித்துப் பின்னதைக் கழித்தால் 118.3. அஞ்சாம் வகுப்புக் கணக்கு, இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

மார்ச் 17
மேலதிகாரி சொல்கிறார்: "துருன்னு மட்டும் எழுதுங்க. பழசை எதுக்குக் கிளறணும்?" கிளறாவிட்டால் பெரியவர் கோப்பில் 'இல்லாத சத்தம் கேட்கிறது' என்பது அப்படியே கிடக்கும். நல்ல சாமர்த்தியம். மூன்று சோதனையும் தவறு, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி முகம் சுண்டிவிட்டது.

மார்ச் 24
நாளை முதல் எனக்கு ஸ்டோர் ரூமில் வேலை. பெரியவர் இன்று கோபுரத்துக்குத் திரும்பினார். போன் செய்தேன்.

"சார், தப்பு என்னோடதுதான். மன்னிச்—"

"ஃபிளைட் இறங்குது. வைங்க."

வைத்துவிட்டேன்.