மூத்தாளின் இடப்பக்கம்

மார்ச் 3, ஞாயிறு

மூத்தாள் இன்று முதல் திருப்பிலேயே எழுந்துவிட்டாள். இரண்டு வாரமாகக் குளிரைச் சாக்குச் சொல்லி முக்கி முனகிக்கொண்டிருந்தவள். சோக் குமிழை இழுத்துப் பிடிப்பதும், எஞ்சின் சூடு ஏற ஏற அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுவதும் என் மனைவியின் வேலை. நான் தொட்டால் அணைந்துவிடும்.

காருக்கு மூத்தாள் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். கல்யாணத்துக்கு முன்பே நான் வாங்கிய வண்டி. அவள் கல்யாணமாகி வந்த முதல் வாரம், நான் விடிந்ததும் ஷெட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, "எனக்கு முன்னாடியே ஒருத்தியைக் கட்டிக்கிட்டது தெரியாமப் போச்சே" என்றாள். அன்று முதல் அது மூத்தாள், இவள் இளையாள். இளையாளுக்கே எழுபத்தொன்று ஆகிவிட்டது.

மைதானத்தில் வழக்கம்போலப் பழைய கார்க்காரர்கள் கூடினோம். பச்சைக் கார் வைத்திருக்கிற ஓய்வுபெற்ற நீதிபதி, தன் மனைவி வண்டியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வாள் என்றார். இன்னொருவரின் மனைவி பத்து வருடமாக ஏறுவதே இல்லையாம். என் முறை வந்ததும் நான் பெருமை அடித்துக்கொண்டேன். மெதுவாகப் போங்கள் என்று இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடச் சொல்லாதவள் என் மனைவி, பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள் என்றேன். அவள் தூரத்தில் நின்று யாருடைய பம்பரிலோ தன் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மார்ச் 9, சனி

காது இன்னும் மோசம். முப்பத்தைந்து வருடம் லிப்ட் மோட்டார் அறைகளில் நின்று நின்று பறிகொடுத்த காது. இனி அதைக் குறை சொல்லி என்ன பயன்? காதுமெஷின் போட்டால் வீட்டுக்குள் பேச்சுப் புரிகிறது. வண்டிக்குள் போட்டால் காற்று, டயர், எஞ்சின் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கொட்டுகிறது. அதனால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவேன்.

இந்தக் காலத்து வண்டியாக இருந்தால் கவலை இல்லை. மூத்தாளின் கியர் அப்படிப்பட்டதல்ல. ஒருமுறை கிளட்சை மிதித்துக் கியரை நடுவில் விட்டு, எஞ்சின் சத்தம் சரியான இடத்துக்கு வருவதைக் காதால் பிடித்து, மறுபடி மிதித்து உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு மிதி. சத்தம் கேட்காவிட்டால் உள்ளே பல்லோடு பல் அரைபடும்.

ஆகவே நான்கு வருடமாக இவள்தான் என் காது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வருவாள். என் இடது முழங்காலில் ஒரு தட்டு என்றால் மேல் கியர். இரண்டு தட்டு என்றால் கீழ் கியர். யார் கண்டுபிடித்தது என்று ஞாபகமில்லை. அவளாகத்தான் ஒருநாள் தட்டியிருக்க வேண்டும். நான் ஏதோ கொசு என்று நினைத்துத் திட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இது யாருக்கும் தெரியாது. மெக்கானிக்குக்குக்கூட. "இந்த வயசிலயும் உங்க கியர் வெண்ணெய் மாதிரி விழுதே சார்" என்பான். இரண்டு பேரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வோம்.

மார்ச் 17, ஞாயிறு

மகள் வந்திருந்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்பது அவள் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் எனக்குக் கேட்குமா என்று கேட்டாள். கண்ணாடியில் பார்ப்பேன் என்றேன். குழந்தை குறுக்கே வந்து கத்தினால் என்றாள்.  பதில் இல்லாதபோது கோபம்தான் வருகிறது. செவிடன் காதில் சங்கு ஊதாதே என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன். நானே என்னைச் செவிடன் என்று சொல்லிக்கொண்டது பிறகுதான் உறைத்தது.

சாப்பிட்டபின் இளையாள் நடுவே வந்து பஞ்சாயத்து பண்ணினாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு எல்லாப் பழைய கார்களும் அணைக்கட்டு வரை வரிசையாகப் போகின்றன. அது ஒன்று. அதற்குப் பிறகு மூத்தாள் ஷெட்டை விட்டு வெளியே வரமாட்டாள்.

"நான் கூட இருக்கேன்ல, பாத்துக்கறேன்" என்று மகளிடம் சொன்னாள்.

ஒத்துக்கொண்டேன். எழுபத்தாறு வயதில் இப்படிக் கையெழுத்து இல்லாமல் சரணடைந்தேன். கசப்பாக இருக்கிறது. மகள் சொல்வதில் தப்பில்லை என்பதால் இன்னும் கசப்பு.

மார்ச் 28, வியாழன்

புது ரேடியேட்டர் குழாய் போட்டாயிற்று. ஒரே ஒரு பயணத்துக்காகப் புதுக் குழாயா என்று மெக்கானிக் கேட்கவில்லை. நல்ல மனிதன்.

ஏப்ரல் 6, சனி

நாளைக்கு அணைக்கட்டு. மூத்தாளைக் கழுவி, மெழுகு பூசி, துணியால் தேய்த்து என் தோள் கழன்றுவிட்டது. உள்ளே இடப்பக்கத் தரையை மட்டும் எப்போதும் போல அவளே துடைத்தாள். அங்கே நான் கை வைக்கக் கூடாது. அவள் கால் வைக்கிற இடத்தில் பழைய போர்வையை மடித்துப் போட்டிருப்பாள், தரை ஜில்லென்று இருக்கிறதாம்.

காலையில் வலது கை மரத்துப்போயிருந்தது என்றாள். கையை மடித்துத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருப்பாய் என்றேன். சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், சரியாகிவிட்டது. டம்ளர் ஒன்று கை தவறி விழுந்தது. அது வேறு.

ஏப்ரல் 9, செவ்வாய்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு இதையே எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

ஞாயிறன்று போகும்போது ஒரு குறையும் இல்லை. அணைக்கட்டில் வேடிக்கை பார்த்தோம். நீதிபதி எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார். திரும்பும்போது நான் வரிசையிலிருந்து பிரிந்து கரையோரச் சாலையில் திருப்பினேன், கடைசி என்பதால் கொஞ்சம் சுற்றிப் போகலாமே என்று. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏற்றத்தில் ஒரு தட்டு. மேல் கியர் போட்டேன். உடனே இரண்டு தட்டு. கீழே இறக்கினேன். மறுபடி ஒன்று. அப்புறம் மூன்று, நான்கு — கணக்கில்லாமல். எனக்குச் சுள்ளென்று வந்தது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்ன, இன்னைக்குத் தாளம் போடுற?" என்று கத்தினேன். அவள் பதில் சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அதற்கும் நான் கியரை மாற்றிக்கொண்டே இருந்தேன். தட்டினால் மாற்ற வேண்டும், அதுதானே எங்கள் பழக்கம்.

அப்புறம் அந்தக் கை என் முழங்காலிலிருந்து வழுக்கி இருக்கையில் விழுந்தது. அப்பாடா, ஓய்ந்தாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். வளைவு முடிந்து நேர்ச் சாலை வந்தபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்க முடியவில்லை. நானே ஓட்டினேன். தட்ட ஆள் இல்லை. ஒவ்வொரு கியரும் அரைபட்டுத்தான் விழுந்தது. சத்தம் கேட்கவில்லை, அரைபடுவது உள்ளங்கையில் அதிர்ந்தது.

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். ஏற்றத்தில் என்றேன். எவ்வளவு நேரம் முன்னால் என்று கேட்டார். என்ன மனுஷன்டா நீ என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துல உக்காந்திருந்தவ உசுரப் பிடிச்சுக்கிட்டு உன்னைக் கூப்பிட்டிருக்கா, நீ கியர் போட்டிருக்க.

ஏப்ரல் 11, வியாழன்

வலது கை இல்லை. பேச்சு இல்லை. ஆள் இருக்கிறாள்.

ஏப்ரல் 20, சனி

தட்டு விஷயத்தை மகளிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி நடையில் வைத்து, ஒன்று விடாமல், நான்கு வருடக் கதையும். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.  "அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேப்பா" என்றாள்.

டாக்டர் இன்று சொன்னார், இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று. ஆறுதலுக்குச் சொன்னாரா, கணக்குத் தீர்க்கச் சொன்னாரா தெரியவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

மே 6, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு மூன்று வார்த்தை வருகிறது, அதுவும் கேட்டபோது வராது. பேச முடியாதவளும் காது கேட்காதவனும் ஒரே அறையில். இன்று பால் வேண்டுமா, ஜன்னலைத் திறக்க வேண்டுமா, தலையணையை உயர்த்த வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டுத் தோற்றேன். கடைசியில் இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறேன்.

சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

மே 29, புதன்

மெக்கானிக் வந்தான். அவனிடமும் உண்மையைச் சொன்னேன். கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தான். காது போனால் என்ன, பாதத்தில் அதிர்வு தெரியும், பழகினால் பிடித்துவிடலாம் என்றான். அவன் பக்கத்தில் உட்கார, தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். காலில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இடது முழங்கால்தான். அது காத்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை என்னையும் மீறி, எப்போ என்பதுபோல இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். மெக்கானிக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

ஷெட்டில் விட்டுவிட்டுச் சாவியை அவனிடமே கொடுத்தேன். நல்ல கையாகப் பார்த்துக் கொடுத்துவிடு என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

இளையாளிடம் சொன்னேன், மூத்தாளைக் கொடுத்துவிடப் போகிறேன் என்று. தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றா, சரி என்றா? இடது கையால் என் கன்னத்தைத் தட்டினாள். அதுவும் எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா, ஐம்பது வயதிருக்கும். அவருடைய அப்பா இதே மாதிரி வண்டி வைத்திருந்தாராம். வந்ததும் பானெட்டைத் திறக்காமல் முதலில் மூத்தாளின் கதவைத் தடவிப் பார்த்தார். அதிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

கியரை எப்படிப் போடுவது என்று ஒரு சுற்று கூட வந்து சொல்லித்தரும்படி கேட்டார். சரி என்று ஏறப்போனபோதுதான் உறைத்தது. நான் இடப்பக்கம் உட்கார வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை.

உட்கார்ந்தேன். மடித்துப் போட்ட போர்வை காலில் இடறியது. எடுத்து ஓரமாக வைத்தேன். கீழே ரப்பர் விரிப்பில் ஒரு ஓட்டை. ஒரு குதிகால் அளவுக்கு. ரப்பர் தேய்ந்து, அதற்கு அடியில் பெயின்ட் போய், தகடு பளபளவென்று வெளுத்திருந்தது. பிரேக் இருந்தால் எங்கே இருக்குமோ, கிட்டத்தட்ட அந்த இடம்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. டாக்டரம்மா வண்டியைக் கிளப்பித் திருப்பத்தில் கொஞ்சம் வேகமாகவே திருப்பினார். என் வலது கால் தானாகப் போய் அந்தக் குழியில் அழுந்தியது. குதிகால் கச்சிதமாக உட்கார்ந்தது.

இல்லாத பிரேக்கை அவள் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நேற்று இன்று தேய்ந்த தேய்மானம் இல்லை அது. கல்யாணமான புதிதில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு மலைச்சாலையில் இறக்கிய நாளிலிருந்து மிதித்திருக்க வேண்டும். நான் மைதானத்தில் நின்று இவளுக்குப் பயமே தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதும் மிதித்திருக்கிறாள். வாரம் தவறாமல் மெழுகு பூசுகிறவன், அங்குலம் அங்குலமாகத் தெரியும் என்று மார்தட்டுகிறவன் — தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான்.

டாக்டரம்மா ஏதோ கேட்டார். வண்டி நன்றாக ஓட்டுகிறீர்கள் என்று சொல்லி வைத்தேன். விரிப்பை மட்டும் நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஓட்டை விரிப்பு எதற்கு என்று கேட்காமல் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

ஜூன் 17, திங்கள்

விரிப்பைக் கொண்டுபோய் அவள் மடியில் விரித்தேன். ஓட்டையில் விரலை விட்டுக் காட்டினேன். திருட்டுப் பிடிபட்டவள் மாதிரிக் கண்ணை வேறு பக்கம் திருப்பினாள்.

"பயமா இருந்துச்சா?"

நெடுநேரம் வார்த்தையைத் தேடினாள். காதுமெஷினை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பவுமே" என்றாள்.

அப்படியானால் ஏன் ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் போய் ஏறி உட்கார்ந்தாய் என்று கேட்டேன். அவ்வளவு பெரிய கேள்விக்கு அவளிடம் வார்த்தை இல்லை. எனக்கும் பொறுமை இல்லை. விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

அவள் கை சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. காலையில் ஷெட்டைத் திறந்துவிட்டேன், பழக்கம். எண்ணெய் சொட்டிய கறை மட்டும் இருந்தது.

ஜூலை 4, வியாழன்

கை கால் பயிற்சிக்கு வாடகைக் காரில் போனோம். நான் வழக்கம்போல அவளைப் பின்சீட்டின் இடப்பக்கக் கதவுக்கு அழைத்துப்போனேன். வரமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டாள். வலப்பக்கம் கையைக் காட்டினாள். டிரைவர் பொறுமையாகக் கதவைத் திறந்துவிட, அவள் அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டு, என்னைச் சுற்றிவந்து மறுபக்கம் ஏறச் சைகை காட்டினாள். கடைசிவரை பிடிவாதம் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன். அவள் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முகமே வேறு மாதிரி இருந்தது.

காதுமெஷினைக் கழற்றிப் பையில் போட்டேன். மேம்பாலம் ஏறினோம். டிரைவர் அவசரக்காரர், கியரை மாற்றாமல் இழுத்துக்கொண்டே போனார் என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

என் வலது முழங்காலில் ஒரு தட்டு.

இடது கையால் தட்டியிருக்கிறாள். நல்ல கை இந்தப் பக்கம் வர வேண்டும் என்றுதான் இத்தனை பிடிவாதம். திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், மேல் கியர் போடுங்கள், இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்கிற முகத்தோடு.

என் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடிப் போய் மிதித்தது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் தரைதான். பழக்கம் விடவில்லை, இரண்டு தடவை மிதித்தேன்.