மூன்று ஆண்டெனாக்கள்

மாப்ள, ரெட்டிபாளையம் குவாரி ஆபீஸில் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, நம் கேமரா பெட்டியை இன்று காலை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூடியைத் திறந்ததும் சுண்ணாம்புப் புழுதி மூக்கில் ஏறியது. உன் சட்டையில் எப்போதும் அடிக்கும் அதே வாடை. கொஞ்ச நேரம் பெட்டியைத் தொடவே மனம் வரவில்லை.

லாரிகள் திரும்பும் முனையில், கம்பத்தின் மேல் அதை மாட்டியவன் நீ. உள்ளே ஓடும் லினக்ஸ் மென்பொருளை ஏற்றியவன் நான். வைஃபை வழியாகப் படம் ஆபீஸ் திரைக்குப் போக வேண்டும். போனது, ஆனால் திக்கித் திக்கி. லாரி திரும்பிப் போன பிறகுதான் திரையில் வந்து நிற்கும்.

நம் ஊரில் எது கெட்டாலும் பழியைப் புழுதியின் தலையில் போடுவோம். மின்விசிறி நின்றாலும் புழுதி, இருமினாலும் புழுதி. நானும் அதையே சொன்னேன். "ஆண்டெனா ஜாயின்ட்ல புழுதி போயிருக்கும். நீ டேப்ப சரியா சுத்தல." நீ ஏறி மாற்றினாய். வேகம் கூடவில்லை. இன்னொரு முறை மாற்றினாய். மூன்றாம் முறையும் மாற்றிவிட்டு, அந்தப் பாழாய்ப்போன வெயிலில், மேலிருந்தே கத்தினாய்.

"சிக்னல் ஃபுல்லா இருக்குடா மாப்ள! அப்பயும் படம் வரலன்னா கோளாறு உள்ளதான். உன் வேலையயும் கொஞ்சம் பாரேன்."

"என் வேலைல ஒண்ணும் இல்ல. நீ ஒழுங்கா மாட்டு."

அதோடு விட்டேனா? "ஃபிட்டிங் சரியில்லீங்க சார்" என்று குவாரி மேலாளரிடம் உன் முன்னாலேயே சொன்னேன். நீ ஏணியை வண்டியில் கட்டினாய். அடுத்த வாரம் மாரடைப்பில் நீ போய்விட்டாய். வீட்டில் இருக்கும்போதுதான் வந்தது, கம்பத்தில் இல்லை. அதைச் சொல்லி என்னை நானே தேற்றிப் பார்த்தேன், முடியவில்லை.

இன்று பெட்டிக்கு கரண்ட் கொடுத்து ஒரே ஒரு கட்டளை அடித்தேன். வைஃபையின் பவர் சேவ் ஆனில் இருந்தது. கீழப்பழுவூர் வயல்களில் சோலாரில் ஓடும் பெட்டிகளுக்காக நான் எழுதிய வரி அது. பேட்டரி மிச்சமாக, வைஃபை இடையிடையே கண்ணயர்ந்து எழும். கரண்ட் லைன் இருக்கும் இந்தப் பெட்டியிலும் அந்த ஃபைலை அப்படியே ஏற்றித் தொலைத்திருக்கிறேன். அணைத்தேன். படம் தடையில்லாமல் ஓடியது. திரையில் என் முகம் தெரிந்தது. பார்க்கவே சகிக்கவில்லை.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னோடதும்மா. அவன் வேலைல ஒரு குறையும் இல்ல" என்று உன் மனைவியிடம் சொன்னேன்.

"அந்த வாரம் பூரா அவருக்குச் சோறே எறங்கலண்ணே. எங்க தப்பு விட்டேன், எங்க தப்பு விட்டேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார். "இத அவருகிட்டல்ல சொல்லியிருக்கணும்."

நாளை மேலாளரிடமும் போய்ச் சொல்லப் போகிறேன். அது உன் காதில் விழாது.

நீ கழற்றி வைத்திருந்த ஆண்டெனாக்களை உன் மனைவி ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். பட்டறைக்கு வந்து ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்தேன். இனி எந்தப் பெட்டிக்குப் போனாலும் அவை என் பையில் இருக்கும். மூன்றுமே நல்லாத்தான் இருக்குடா மாப்ள.