குண்டூசி முனையளவு ரத்தம்

ஐப்பசி 14, வெள்ளி

இப்போது எழுதப்போகும் கதையை இந்தப் பூமண்டலத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறேன்.

என் உடம்பிலிருந்து வெள்ளி உதிர்கிறது. உதிர்ந்த செதிலை உருக்கினால் கறம்பக்குடிக்கே கொலுசு செய்து போடலாம். தங்கச்சி மலர்தான் அதைப் படை என்றாள். "பிள்ளைக்குத் தொத்திக்கும்ணே. காதுகுத்துக்கு வேற யாரு மடியிலயாச்சும் ஒக்கார வச்சுக்கிறோம்" என்றாள். தாய்மாமன் நான் உயிரோடு இருக்கும்போதே!

இன்று அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். டாக்டர் முன்னால் அழுக்காக நிற்கலாமா என்று காலையிலேயே பீர்க்கங்காய் நாரால் தேய்த்துச் செதிலை எல்லாம் உதிர்த்துவிட்டேன்.

"பாக்க வேண்டியதையே கழுவிட்டு வந்திருக்கீங்களே!" என்று டாக்டரம்மா தலையில் கைவைத்தார்.

நல்லவேளை, முதுகில் கை எட்டாத இடத்தில் ஒரு திட்டு தப்பியிருந்தது. சோதனைக்கு வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடின் விளிம்பால் அதைச் சுரண்டினார். ரத்தம் காவிரியாகப் பெருகியது. நர்ஸ் பரிசல் தேடி ஓடினார்.

டாக்டரம்மா மலரைக் கூப்பிட்டுக் காட்டினார். "செதிலுக்கு அடியில புள்ளி புள்ளியா ரத்தம் வருது பாருங்க. சொரியாசிஸுக்கு இது ஒரு அடையாளம். இது படை இல்லம்மா, யாருக்கும் தொத்தாது."

மலர் பஸ்ஸில் ஏறியதும் பிள்ளையை என் மடியில் வைத்தாள். "புடிச்சுக்கண்ணே, எனக்குக் கை வலிக்குது."

காவிரி பொய். பரிசலும் பொய். குண்டூசி முனையளவில் நாலு புள்ளிதான் வந்தது. மலருக்குக் கை வலித்ததும் பொய். திருவரங்குளம் தாண்டும்வரை பிள்ளை என் மடியில் தூங்கியது மட்டும் நிஜம்.