கண்ணில் இருக்கும் வெள்ளை

அன்புள்ள அத்தானுக்கு,

“ஏளா பிரேமா, மனுசன் கண்ணுல மட்டும் எதுக்கு இத்தன வெள்ள?” என்று நான் பாடம் தயாரிக்கும்போது ஒருநாள் கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? உடம்பு நலமா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்?

உங்கள் கேள்வியை மஸ்கட்டில் என் டியூஷன் பிள்ளைகளும் கேட்டார்கள். ஒருவர் பார்க்கும் திசை மற்றவருக்குத் தெரிந்தால் கூடி வேலை செய்வது எளிது. அதனால்தான் கண்ணில் வெள்ளை கூடியது என்று சில விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். சங்கு குளிக்கையில் கடலடியில் நீங்களும் ரியாஸும் பேசியா வேலை செய்தீர்கள்? அவர் கண் போன பக்கம் நீங்கள் போனீர்கள்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் எனக்கு லேசாகத் தலைசுற்றியது. பயப்பட ஒன்றுமில்லை. உருண்டோடிய தண்ணீர் பாட்டிலை நான் பார்ப்பதைக் கவனித்து, என் மொழி தெரியாத ஒரு பெண் எடுத்துத் தந்தாள். அவள் போன பிறகு கொஞ்சம் அழுதேன்.

பக்கத்து வீட்டுச் சீனித்தாய் போனில் சொன்னாள்: “காது போனதுலருந்து அண்ணன் வாசலுக்கே வாரதில்ல, மதினி. கூப்பிட்டா செவுத்தப் பாக்காவ. செவுரு என்ன பதிலா சொல்லுது?”

ரியாஸின் தம்பி இங்கே வரும்போது கருப்பட்டியும் உங்கள் பழைய சட்டை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். தலையணைக்கு உறை இல்லை. சட்டையைத் துவைக்க வேண்டாம்.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை டீக்கடைக்குப் போய், ரியாஸுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் பேசும்போது முகத்தைப் பாருங்கள்.

உங்கள் பிரேமா