சிம்சோனை அடித்த பெல்ட்

என்னங்க,

ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். குதிரைக்குட்டி சிம்சோனுக்குச் சளி இன்னும் குறையவில்லை. மூக்கைத் துடைத்துவிட்டு, வெந்நீரில் தவிட்டைக் குழைத்து வையுங்கள். மாட்டு டாக்டர் பத்து மணிக்கு வருவார்.

மாட்டுக்கு ஊற்றுவதுபோல் மூங்கில் குழாயில் இனி மிளகுக் கஷாயம் ஊற்றாதீர்கள். நுரையீரலில் இறங்கினால் குட்டி செத்துவிடும். நேற்று அது கக்கியதற்கு, "இன்னா திமிரு ஒனக்கு, சாவு" என்று இடுப்பு பெல்ட்டைக் கழற்றி விளாசினீர்களே, முதுகுத் தோல் கிழிந்து தொங்குகிறது. அதே பெல்ட்டைப் பிடுங்கி உங்கள் நெற்றியைப் பிளந்தவள் நான். ரத்தத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டவளும் நான்தான்.

கஞ்சி மூடி வைத்திருக்கிறேன். குடியுங்கள்.

கிரேஸி

பி.கு.: பெல்ட்டைத் தேடாதீர்கள், துண்டு துண்டாக வெட்டிப்போட்டேன். இன்னொரு முறை குட்டிமேல் கை வைத்தால், அடிக்க மட்டும்தான் நான் வருவேன். கட்டுப் போட வேறு நர்ஸைப் பாருங்கள்.