நாலு நிமிடச் சூப்பு

அம்மான், ஜோர்டான்
ஷஃபான் மாதம், செவ்வாய்

அன்புத் தங்கை இப்திஸாமுக்கு,

சலாம். படிப்பதற்கு முன் உறையைத் திருப்பிப் பார். மூடிய இடத்தின் குறுக்கே நீல மையில் மூன்று கோடுகள் போட்டிருக்கிறேன். அவை நேராகச் சேர்கின்றனவா?

இனி எனக்குக் குரல்பதிவு அனுப்பாதே. நானும் அனுப்பமாட்டேன். இது புத்தக அரபியில் எழுதிய கடிதம். உனக்கும் எனக்கும் நடுவில் இந்த மொழி, விருந்தாளி வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். இதை யார் படித்தாலும் மந்திரம் என்று சொல்லமாட்டார்கள்.

நம் மொராக்கோப் பேச்சு இந்த வீட்டில் யாருக்கும் புரியாது. நான் உன்னிடம் போனில் பேசும்போது மாமியார் டிவி சத்தத்தைக் குறைப்பார். முதலில் மரியாதை என்று நினைத்தேன். பிறகுதான் ஒரு நாள் அவர் என் நாத்தனார் ரந்திடம், "இவ பேசறது அரபியா, இல்ல யாருக்காவது எதையாவது ஓதறாளா?" என்று கேட்டது காதில் விழுந்தது. கொழுந்தனுக்கு எல்லாம் வேடிக்கை. "அண்ணி, சினிமால மாதிரி கீழ எழுத்து ஓடவிட்டுப் பேசுங்க" என்பான். உன் அத்தான் அய்ஹம் சிரிப்பார். அவர் கெட்டவரில்லை. சிரிப்பார், அவ்வளவுதான்.

ரஜப் மாதத்தில் ரந்தின் நிச்சயதார்த்தம் முறிந்தது. அதற்குப் பிறகு என் அலமாரியில் துணிகள் இடம் மாறியிருந்தன. நீ அனுப்பிய சாம்பிராணிப் பொட்டலத்தைக் காணவில்லை. மொராக்கோப் பெண்கள் சூனியம் வைப்பார்கள் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. மொராக்கோக்காரி வந்த வீடு, என்று மட்டும் மாமியார் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

போன மாதம் உனக்கு ஒரு நாலு நிமிடக் குரல்பதிவு அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? பெருநாளுக்கு மகள் ஜுமானாவோடு வருகிறேன், வந்தால் திரும்பமாட்டேன் என்று. நான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது ரந்த் அதைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். அதை எடுத்துக்கொண்டு அழகு நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே முடி வெட்டுகிற ஸுபைதா நம் நாட்டுக்காரி, காஸாபிளாங்காவில் பிறந்தவள். இங்கே வந்து இருபத்திரண்டு வருடம். அவளிடம் போட்டுக் காட்டி, "இவ என்ன சொல்றா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஸுபைதா கடைசிவரை கேட்டுவிட்டு, "ஹரீரா சூப்பு எப்படி வெக்கறதுன்னு தங்கச்சிக்குச் சொல்றா" என்றாளாம்.

இதை ரந்தே சாப்பாட்டு மேசையில் ஏமாற்றத்தோடு சொன்னாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். மாமியார் விடவில்லை. "ஒரு சூப்புக்கு நாலு நிமிஷமா? அப்படின்னா செஞ்சு காட்டட்டும்."

செய்தேன். கொண்டைக்கடலை, பருப்பு, தக்காளி, கொத்தமல்லி. கிண்ணங்களில் ஊற்றி வைத்தேன். ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. "முதல்ல நீ குடிம்மா" என்றார் மாமியார், அன்பாக. குடித்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அய்ஹமும்.

பிறகு குடித்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்போது ஜுமானா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, இன்னும் வேண்டும் என்று நம் வீட்டுப் பேச்சில் கேட்டாள். அப்படியே நம் அம்மாவின் இழுப்பு. என் கை போய் அவள் வாயைப் பொத்தியது.

என் கைதான், இப்திஸாம்.

"பிள்ள என்ன சொல்லுச்சு?" என்றார் மாமியார். சூடாக இருக்கிறதாம் என்றேன்.

பள்ளியில் இட்டோ என்று ஒரு மலைப்பக்கத்துப் பெண் இருந்தாள். அவள் அரபியைக் கேட்டு நாம் டெஸ்க்கில் தலை கவிழ்த்துச் சிரிப்போம். அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவதையே விட்டுவிட்டாள். இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறாள்.

போன வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். ஸுபைதா என்னிடம் இந்த ஊர்ப் பேச்சிலேயே பேசினாள். தலைய நேரா வைங்க, கண்ண மூடுங்க. நம் சொல் ஒன்றுகூட வரவில்லை. கத்தரியை வைக்கும்போது மட்டும் மெதுவாக, "தங்கச்சிக்கு எப்போ பிரசவம்?" என்றாள். அந்தப் பதிவில்தான் அதைச் சொல்லியிருந்தேன். பிறகு, "அடுத்த வாரம் வியாழக்கிழமை ஊருக்குப் போறேன். ஏதாவது இருந்தா குடுங்க" என்றாள்.

இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு அவளைத் தெரியாது. ரந்த் வாரம் தவறாமல் அங்கே போகிறவள். இது ரந்த் வைத்த பொறியாகவும் இருக்கலாம். என்னைக் காப்பாற்றியவளையே சந்தேகிக்கிறேன். இந்த வீட்டில் கற்றுக்கொண்டது இதுதான்.

நீ செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. ஜுமானாவைக் கூட்டிவர அய்ஹமின் கையெழுத்து வேண்டும். நீயே அவருக்கு எழுது. பிரசவத்துக்கு அக்கா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று. நல்ல புத்தக அரபியில் எழுது. போனில் கேட்காதே. உன் குரலில் கேட்டால் சிரிப்பார். எழுத்தில் கேட்டால் யோசிப்பார்.

உறை பிரிந்திருந்தால் ஸுபைதாவிடம் எதுவும் கேட்காதே. ரந்துக்காகப் பிரித்திருக்கலாம். அல்லது நம் ஊர்ப் பேச்சு ஒரு வரியாவது இருக்காதா என்று தேடியிருக்கலாம். அவளையும் நினைத்துத்தான் கடைசி வரியை வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

இறைவன் உன் பிரசவத்தை லேசாக்கட்டும். அம்மாவின் கைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
கிஸ்லான்

வந்துடுவேன்டி. அதுவரைக்கும் உன் புள்ளகிட்ட நல்லா சத்தமா பேசு.