நீ வெட்டாமல் விட்ட ஒயர்

இன்று காலை மயிலாப்பூர் கல்யாண மண்டபத்தில், ஏணி மேல் நின்றுகொண்டே உன்னைத் திட்டினேன். செத்துப்போனவனைத் திட்டக்கூடாதுதான். ஆனால் எல்.இ.டி. விளக்கு ஸ்ட்ரிப் மாற்றுவதற்காக ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றியதும் உன் பச்சை ஒயர் கண்ணில் பட்டது. வாயை அடக்க முடியவில்லை.

இதே கூரையில்தான் சில வருடங்களுக்கு முன் நாம் இருவரும் நாற்பது மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஓட்டினோம். ஒரே முனையில் கரண்ட் கொடுத்தால் கடைசி விளக்குகள் மஞ்சளடித்துச் சோர்ந்துவிடும் என்று, நடுவில் பிரித்து இரண்டு பவர் சப்ளை வைத்தோம். ஒயர் வேலை எனக்கு. எந்த விளக்கு எப்போது எந்த நிறம் என்று சொல்லும் புரோகிராம் உனக்கு. முகூர்த்தத்துக்கு முதல் நாள் போட்டுப் பார்த்தால், முதல் பாதி ஒழுங்காக ஓட, மறுபாதி பேய் பிடித்ததுபோல் மினுக்கியது.

நீ தேனாம்பேட்டையில் தனிக்கடை போடப்போவதாக யாரோ என் காதில் போட்டிருந்த நேரம். என்னைக் கழற்றிவிட நீயே புரோகிராமில் எதையோ செய்துவைத்தாய் என்று முடிவு கட்டினேன். மண்டப மேனேஜர் எதிரிலேயே கேட்டும்விட்டேன்.

“நான் இன்னாத்துக்குடா அப்டி பண்ணப் போறேன்? ரெண்டு சப்ளைக்கும் மைனஸ் சேந்துகீதா, அத மொதல்ல பாரு மச்சி” என்றாய்.

நான் பார்க்கவில்லை. என் வேலையிலா குறை? பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அன்று சாயங்காலமே விளக்கு சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் சந்தேகம் உறுதியானது. கெடுத்தவனுக்குத்தானே இவ்வளவு சீக்கிரம் சரிசெய்யத் தெரியும்! பதினைந்து வருடச் சிநேகிதத்தை அதோடு முடித்தேன். நீ கடை போடவே இல்லை. அதற்கும் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். போன மாதம் வேளச்சேரியில் உன் வீட்டு வாசலில் மாலையோடு நின்றபோதும், என்னைப் பற்றி உன் மனைவியிடம் என்னவெல்லாம் சொல்லிவைத்தாயோ என்றுதான் அவர் முகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

இன்று பார்த்தேன். இரண்டு சப்ளையின் மைனஸும் ஒன்று சேராவிட்டால் மறுபாதிக்கு உன் புரோகிராம் ஒழுங்காகப் போய்ச் சேராது. நான் சேர்க்க மறந்த மைனஸ் ஒயர், முனையில் டேப் சுற்றியபடி தொங்குகிறது. பக்கத்தில் நீ புதிதாக இழுத்து, சுத்தமாக சால்டர் வைத்த பச்சை ஒயர்.

என்னுடையதை ஏன் வெட்டியெறியவில்லை? அதையே சேர்த்திருக்கலாமே? ஒருநாள் நான் ஏறிப் பார்ப்பேன், பார்த்து வெட்கப்படுவேன் என்றுதானே விட்டுவைத்தாய்? அழுத்தக்காரன்டா நீ. ஒரு போன் பண்ணியிருக்கலாம். நான் எடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

கீழே இறங்கியதும் அதே மேனேஜரிடம், “அன்னிக்கி தப்பு என்னுது சார்” என்றேன்.

அவர் விழித்தார். “இன்னா தப்பு? ஸ்ட்ரிப்புலதான் கோளாறு, யார் மேலயும் தப்பு இல்லன்னு உங்க ஃபிரண்டு அன்னிக்கே சொல்ட்டாரே.”

உன்னிடம் சொல்லவேண்டியதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.